தீப்பெட்டிக் கப்பல்களும் சிவகிரிக் காடும்



போன வாரம் மாடித் தரையில் தீப்பெட்டிகளை வரிசையாக நிறுத்திய படம் ஒன்றைப் போட்டிருந்தேன். "சார், பேரனுக்கு ரயில் வண்டியா?" என்று சிலர் கேட்டீர்கள். அது ரயில் இல்லை. 1782 ஜூலை 6 அன்று நாகப்பட்டினம் கடலில் இங்கிலீஷ்காரனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் நடந்த சண்டை. குருவிகுளத்துப் பிள்ளைகள் 13 பேரை வைத்து அதை ஒரு நாள் முழுக்க விளையாடிப் பார்த்தோம். எப்படிச் செய்தோம், எதற்குச் செய்தோம் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

முதலில் ஒரு சந்தேகம் வரும். கடலே கண்ணில் படாத கரிசல்காட்டில் கப்பல் விளையாட்டா? இந்த வித்தைக்குப் பேர் போனவரே கடலில் வேலை பார்க்காத ஒருவர்தான். ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்து வியாபாரி ஜான் கிளார்க். சின்னச் சின்ன மாதிரிக் கப்பல்களை மேஜையில் அடுக்கி, நகர்த்தி, கடற்சண்டைகளை அலசினார். 1782இல் அதைப் புத்தகமாக அச்சிடத் தொடங்கினார். அதே வருஷம்தான் நம் கடற்கரையில் நிஜக் கப்பல்கள் மோதிக்கொண்டிருந்தன.

அந்தக் காலச் சூழலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்ஸ் 1778இல் இங்கிலாந்துக்கு எதிராக இறங்கியது. அந்த வருஷமே புதுச்சேரியை இங்கிலீஷ்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1780இல் ஹைதர் அலி கர்நாடகத்துக்குள் புகுந்தார். 1781 நவம்பரில் டச்சுக்காரர்களின் நாகப்பட்டினமும் இங்கிலீஷ்காரர் கைக்குப் போனது. பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேன் வந்தபோது அவருக்கு இந்தக் கரையில் ஒதுங்க ஒரு துறைமுகம் இல்லை. எதிரில் இங்கிலீஷ் அட்மிரல் எட்வர்ட் ஹியூஸ். 1782 பிப்ரவரி தொடங்கி 1783 ஜூன் வரை இருவரும் ஐந்து முறை மோதினார்கள்: சதுரங்கப்பட்டினம், இலங்கையின் கிழக்குக் கரை, நாகப்பட்டினம், திருகோணமலை, கடைசியாகக் கடலூர். ஐந்து சண்டையிலும் பெரிய போர்க்கப்பல் ஒன்றைக்கூட ஒருவரிடமிருந்து ஒருவர் பிடிக்கவில்லை. அப்படியென்றால் எதற்காக இத்தனை சாவு என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

இனி விளையாட்டு. கோவில்பட்டி, கழுகுமலை பக்கத்து ஆட்களான நமக்குத் தீப்பெட்டிக்கு என்ன பஞ்சம்? 22 காலிப் பெட்டிகள் எடுத்தோம். இரண்டு தரப்பிலும் வரிசையில் நின்றவை பதினொன்று, பதினொன்று கப்பல்கள். பிரெஞ்சுப் பக்கம் 'அஜாக்ஸ்' என்ற பன்னிரண்டாவது கப்பலும் இருந்தது. முதல் நாள் அடித்த சூறைக்காற்றில் அதன் பாய்மரங்கள் முறிந்ததால் அது சண்டையில் சேரவில்லை. பெட்டியின் மேல் மூன்று தீக்குச்சிகளை நட்டு, காகிதத்தில் பாய் ஒட்டினோம். இங்கிலீஷ் கப்பலுக்குச் சிவப்புக் கோடு, பிரெஞ்சுக் கப்பலுக்கு நீலக் கோடு. இங்கிலீஷ் வரிசையில் 'ஹீரோ' என்று ஒரு கப்பல், சுஃப்ரேன் ஏறியிருந்த கப்பலின் பெயரும் பிரெஞ்சில் அதே 'ஹீரோ'. இதைச் சொன்னதும் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது.

மாடித் தரைதான் கடல். மேற்குச் சுவர் ஓரம் சாக்பீஸால் கரை வரைந்து, நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால் என்று எழுதினோம். 74 பீரங்கிக் கப்பலுக்குப் பத்துப் புளியங்கொட்டை, 64க்கு எட்டு, 50க்கு ஆறு. குண்டடி பட்டால் கொட்டை போகும். அடி பட்டதா இல்லையா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். பொதுவாக இங்கிலீஷ்காரர்கள் கப்பலின் உடலைப் பார்த்தும், பிரெஞ்சுக்காரர்கள் பாய்மரத்தையும் கயிற்றையும் பார்த்தும் சுடுவார்கள். அதனால் இங்கிலீஷ் குண்டுக்குக் கொட்டை குறையும், பிரெஞ்சுக் குண்டுக்கு வேகம் குறையும் என்று வைத்தோம்.

ஆட்கள்: ஒரு பக்கத்துக்கு ஒரு தளபதி, ஐந்து கேப்டன்கள். கேப்டனுக்கு இரண்டு கப்பல், தளபதிக்கு ஒன்று. ஆக இரண்டு பக்கமும் பன்னிரண்டு பேர். பதிமூன்றாவது ஆள் ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி. அவளுக்கு நான் கொடுத்த பதவி 'காற்று'. அட்டையில் வெட்டிய அம்புக்குறி அவள் கையில். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று அவள்தான் காட்டுவாள். முதலில் அவளுக்கு முகம் சுருங்கியது. மத்தியானத்துக்குள் அவளைத்தான் எல்லோரும் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

ஏனென்றால் பாய்க்கப்பலுக்குக் காற்றுதான் எஜமான். அந்தக் காலத்துப் போர்க்கப்பல் காற்று வரும் திசைக்கு இரண்டு பக்கமும் சுமார் 67 பாகைக்குள் முகத்தைத் திருப்ப முடியாது. வட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்கு அடைத்த வாசல். எதிர்க்காற்றில் போக வேண்டுமானால் வளைந்து வளைந்து போக வேண்டும். ஆகவே காற்று வரும் பக்கத்தைப் பிடித்தவன் எப்போது மோதுவது என்று முடிவு செய்வான். மற்றவன் காத்திருப்பான். அன்று காலை தென்மேற்குக் காற்று. அந்தப் பக்கத்தைப் பிடித்திருந்தவர் ஹியூஸ்.

இன்னொரு விதி வைத்தேன். ஆட்டம் தொடங்கிய பிறகு தளபதி வாய் திறக்கக் கூடாது. கலர்த் துணிகளைக் கம்பில் கட்டித் தூக்கிக் காட்டலாம், அவ்வளவுதான். எந்தத் துணிக்கு என்ன அர்த்தம் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். நிஜத்திலும் புகைக்கு நடுவே கொடிதான் பேச்சு. வரிசையின் கோடியில் இருப்பவன் கொடியைப் பார்க்காமல் போகலாம், பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கலாம். சுஃப்ரேனுக்கு இந்தச் சண்டைகளில் பெரிய தலைவலி அவருடைய சொந்தக் கேப்டன்கள்தான். நாகப்பட்டினம் சண்டைக்குப் பிறகு சிலரைப் பதவியிலிருந்தே நீக்கினார். நம் பிள்ளைகளில் பிரெஞ்சுத் தளபதியான எட்டாம் வகுப்புப் பையன் நீலத் துணியை ஆட்டி ஆட்டிக் கை ஓய்ந்துபோனான். அவன் கேப்டன்களில் ஒருவன் தன் புளியங்கொட்டையை எண்ணுவதிலேயே குறியாக இருந்தான்!

ஒரு சுற்று என்பது கால் மணி நேரம். காலை 11 மணியை ஒட்டிப் பீரங்கிச் சண்டை தொடங்கியதால் எட்டுச் சுற்று முடிந்ததும் மதியம் 1 மணி. அப்போது பிரிக்கச் சொல்லி 'காற்று' கையில் ஓர் உறை கொடுத்திருந்தேன். அவள் பிரித்தாள். அம்பு சட்டென்று தென்கிழக்குப் பக்கம் திரும்பியது. நிஜத்தில் நடந்ததும் இதுதான். வெயில் ஏறியதும் கடற்காற்று அடித்தது, இரண்டு வரிசையும் குலைந்தன. சில கப்பல்கள் இந்தப் பக்கம் திரும்பின, சில அந்தப் பக்கம். 'செவேர்', 'பிரியான்' என்ற இரண்டு பிரெஞ்சுக் கப்பல்கள் நடுவில் மாட்டிக்கொண்டன. 'செவேர்' கேப்டன் சரணடைவதற்காகக் கொடியை இறக்கினார். அவருக்குக் கீழே இருந்த அதிகாரிகள் அதை ஏற்காமல் மறுபடி சுடத் தொடங்கினார்கள். கப்பல் தப்பியது.

அந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்தி, "கொடியை இறக்குவீர்களா?" என்று பிள்ளைகளைக் கேட்டேன். பெரிய வாக்குவாதம். "கொடியை இறக்கின பிறகு சுடுறது ஏமாத்து வேலை" என்று ஒரு கட்சி. "கப்பல்ல எத்தனை பேரு இருக்கான், ஒருத்தன் பயந்தா எல்லாரும் கைதியாகணுமா?" என்று இன்னொரு கட்சி. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அன்று செத்தவர்கள் கணக்கை மட்டும் கரும்பலகையில் எழுதினேன்: இங்கிலீஷ்காரர் 77, பிரெஞ்சுக்காரர் 178. காயம்பட்டவர்கள் இரண்டு பக்கமும் சேர்த்து 800க்கு மேல். புளியங்கொட்டைகளை எண்ணிக்கொண்டிருந்த பையன் கையை எடுத்துவிட்டான்.

சாயங்காலம் சுஃப்ரேன் காரைக்காலுக்குப் போனார், ஹியூஸ் நாகப்பட்டினத்துக்கும் நாகூருக்கும் நடுவே நங்கூரம் போட்டார். கப்பல் பிடிபடவில்லை. ஆனால் நாகப்பட்டினத்தைப் பிடிக்கலாம் என்ற பிரெஞ்சுக்காரர் எண்ணம் அன்றோடு போயிற்று. கடற்சண்டையின் பலன் பெரும்பாலும் இப்படித்தான் தெரியும். கரையில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் முடிவு.

பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது அந்தக் 'காற்று'ச் சிறுமி கேட்டாள்: "வாத்தியார் தாத்தா, இதுல நம்ம ஆளு எந்தக் கப்பலு?"

இந்த விளையாட்டுக்கே இந்தக் கேள்விதான் வேண்டியிருந்தது. கடலூரில் நடந்த கடைசிச் சண்டையை வைத்து அவளுக்குப் பதில் சொன்னேன். 1783 ஜூன் மாதம் கடலூர்க் கோட்டையில் பிரெஞ்சுப் படை, சுற்றி வளைத்து இங்கிலீஷ் படை. ஜூன் 20 அன்று கடலில் சுஃப்ரேனிடம் 15 கப்பல், ஹியூஸிடம் 18. பீரங்கிக்கு ஆள் போதாமல் சுஃப்ரேன் கோட்டையிலிருந்து சுமார் 1,200 பேரைக் கப்பலில் ஏற்றினார். அதில் சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்கள் நம் நாட்டு ஆட்கள். பேர் தெரியாது, கொடியும் அவர்களுடையது இல்லை. ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். கோட்டை விழாமல் நின்றது. ஜூன் மாதக் கடைசியில் ஒரு கப்பல் வெள்ளைக்கொடியோடு வந்து, ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்றது. அந்த ஒப்பந்தம் கையெழுத்தானது ஜனவரி 20! ஐந்து மாதம் கழித்து, முடிந்துபோன போருக்காக இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 200 பேர் கடலில் செத்திருக்கிறார்கள்.

கதை அங்கே முடியவில்லை, நம்ம ஊருக்கு வருகிறது. தெற்கே தாராபுரத்தைப் பிடித்த கர்னல் ஃபுல்லர்டனின் படையைக் கடலூர் உதவிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வழியிலேயே சண்டை நின்ற செய்தி கிடைத்தது. சும்மா நிற்கும் படையை என்ன செய்வது? திருநெல்வேலிப் பாளையங்களின் மேல் திருப்பினார்கள். 1783 ஆகஸ்டில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தாக்கப்பட்டு விழுந்தது. அது வீரபாண்டிய கட்டபொம்மனுக்கு முந்தைய தலைமுறைக் காலம். அடுத்து நம்ம பக்கத்துச் சிவகிரி. மலையடிவாரக் காட்டு அரணுக்குள் நின்று பாளையத்தார் எதிர்த்தார்கள். அங்கும் படை புகுந்தது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குள் கொழும்பு டச்சு அரசோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் மூலப்பிரதி கிடைத்ததாக ஃபுல்லர்டனே எழுதியிருக்கிறார். அதாவது பாளையக்காரர்களும் கடலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கடலில் யார் கை ஓங்கும் என்பதில் தங்கள் கோட்டையின் ஆயுசும் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்தக் கடலில் நிறுத்த அவர்களுக்கு ஒரு கப்பல்கூட இல்லை.

"அப்போ நம்ம ஆளு கப்பல்ல இல்ல, கரையில அடி வாங்கினவங்க" என்றாள் அவள். நான் வேறு ஒன்றும் சேர்க்கவில்லை.

உங்கள் பிள்ளைகளோடு இதைச் செய்து பாருங்கள். தீப்பெட்டி, புளியங்கொட்டை, தாயக்கட்டை, ஒரு மாடி போதும். முக்கியமாக ஒரு பிள்ளையைக் காற்றாக வையுங்கள், தளபதியைப் பேச விடாதீர்கள். வெளியூர், வெளிநாட்டில் இருப்பவர்கள் கேட்டால் கப்பல் பெயர்ப் பட்டியலையும் விதிகளையும் தனியாக அனுப்புகிறேன். இன்னொரு வேலையும் தருகிறேன், பழைய வீட்டுப்பாடம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்ப் பக்கத்தில் இடிந்து கிடக்கும் கோட்டை எந்த வருஷம் விழுந்தது என்று விசாரியுங்கள். அந்த வருஷம் கடலில் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எழுதியதைக் கீழே போடுங்கள், திருத்தி மார்க் போடுகிறேன்.

அனைவரும் நலமாக இருங்கள்.