மாஜுலி முகமூடியும் அரிதாரமும்

அசாமின் மாஜுலி, பிரம்மபுத்திரா ஆற்றின் நடுவே அமைந்த தீவு. அங்குள்ள 'சத்ரா' எனப்படும் வைணவ மடங்களில் 'பாவனா' என்னும் சமய நாடகம் நிகழ்த்தப்படுகிறது. சங்கரதேவர் (1449–1568) தொடங்கிவைத்த மரபு அது. இராவணன், பூதனை, சடாயு முதலிய பாத்திரங்களை ஏற்போர் முகமூடி அணிகின்றனர்.

இம்முகமூடிகளைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் உருவத்தையும் கதைமாந்தரையும் விவரிப்பதோடு நின்றுவிடுகின்றன. வரலாற்று மாணவருக்குப் பயன்படும் சான்று அவற்றின் மேற்பூச்சிலும் இருக்கிறது என்பதே இப்பதிவின் கருத்து.

செய்முறையை முதலில் காண்போம். நீரில் ஊறிய மூங்கிலைச் சீவி, அறுகோணக் கண்களாகப் பின்னிக் கூடு அமைப்பர். களிமண் குழம்பில் தோய்த்த துணியை அதன்மேல் ஒட்டுவர். பிறகு களிமண்ணும் பசுஞ்சாணமும் கலந்த கலவையால் மூக்கையும் புருவத்தையும் கன்னத்தையும் எழுப்புவர். ஈரம் முழுதும் உலருமுன் மூங்கில் கருவியால் தேய்த்து மெருகேற்றுவர். வெயிலில் நன்கு காய்ந்த பின்னரே வண்ணம் தீட்டுவர்.

பழைய முறையில் சிவப்புக்கு ஹெங்குல், மஞ்சளுக்கு ஹைதால். முன்னது பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது, தமிழில் சாதிலிங்கம். பின்னது ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்தது. வடமொழியில் ஹரிதாலம், தமிழில் அரிதாரம். நடிகர் ஒப்பனைக்குத் தமிழில் அரிதாரம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அசாமில் முகமூடியின்மேல் ஏறிய கனிமம், தமிழில் ஒப்பனையின் பெயராகவே நிற்கிறது.

இவ்விரு வண்ணங்களும் முகமூடிக்கு மட்டும் உரியவை அல்ல. அகில் மரப்பட்டை ஏடுகளில் எழுதப்பட்ட சத்ரா சுவடிகளின் ஓவியங்களும் இவற்றால் தீட்டப்பட்டவையே. சங்கரதேவர் ஏழு வைகுண்டங்களை ஹெங்குல், ஹைதால் கொண்டு வரைந்தார் எனச் சரித நூல்கள் கூறுகின்றன. ஆகவே ஏட்டோவியமும் நாடக முகமூடியும் ஒரே வண்ண மரபின் இரு கிளைகள். 2024இல் மாஜுலி முகமூடிக்கும் மாஜுலி சுவடி ஓவியத்துக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. சட்டம் பொருள்களைப் பிரித்துத்தான் பதிவுசெய்யும். ஆய்வும் அவ்வாறே பிரித்துப் பார்த்தால் இழப்பு நமக்கே.

மூங்கிலும் துணியும் மண்ணும் வெள்ளத்துக்கும் பூச்சிக்கும் நெடுங்காலம் ஈடுகொடுப்பவை அல்ல. பழுதுற்ற முகமூடியை நீக்கிப் புதியது செய்வதன் வழியாகவே மரபு தொடர்ந்துள்ளது. எனவே பழைய முகமூடி எவ்வாறு வண்ணம் பெற்றிருக்கும் என்பதை அறிய, எஞ்சியுள்ள ஏடுகளே நமக்கு நெருங்கிய துணை.

இன்று கடையில் கிடைக்கும் ஆயத்த வண்ணங்கள் பரவிவருகின்றன. உருவம் மாறாதிருப்பதால் மாற்றம் எளிதில் புலப்படுவதில்லை. ஆயினும் ஏட்டுடன் இருந்த பிணைப்பு அங்கே அறுபடுகிறது. அதற்காகக் கைவினைஞரைக் குறைகூற இயலாது. பாதரசச் சேர்மத்தையும் ஆர்செனிக் சேர்மத்தையும் நாள்தோறும் அரைத்துக் கையாள்வது உடலுக்குத் தீங்கு. பழைய வண்ணத்துக்கே திரும்புமாறு அவர்களை வற்புறுத்துவதினும், எஞ்சியிருக்கும் அறிவைப் பதிவுசெய்வதே நம் கடமை.

களப்பணிக்குச் செல்லும் மாணவர்கள் முகமூடியின் முன்புறத்தைப் படமெடுப்பதோடு நிறைவடைய வேண்டாம். உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்னல், துணி, மண் ஆகிய அடுக்குகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வண்ணம், எதனுடன் கலந்தது, யார் கையால் பூசப்பட்டது என்று கேளுங்கள். அவ்விடைகளை அறிந்தவர்கள் இன்னும் அங்கே பணியாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.