உலகளந்த துரை

மார்கழி மூன்றாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் உலகளந்த பெருமாளைப் பாடாமல் பொழுது விடியாது. மூன்றடியில் மண்ணை அளந்தவனை ஆண்டாள் தன் ஊர்க்காரர்கள் நாவில் அப்படிப் பழக்கி வைத்திருக்கிறாள். அதே மண்ணை எஃகுச் சங்கிலியும் தொலைநோக்கிக் குழலுமாக அளந்துகொண்டு 1809 வாக்கில் ஒரு வெள்ளைக்காரர் தெற்கே இறங்கினார் என்பதுதான் யார் காதிலும் விழாத கதை. அவர் பெயர் வில்லியம் லாம்டன். பெங்களூரிலிருந்து குமரிமுனைப் பக்கம் வரை அவர் கொண்டுவந்த நெடுங்கோடு கிழக்குத் தீர்க்கரேகை 77 டிகிரி 40 நிமிடத்தை ஒட்டி ஓடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் இருப்பது ஏறத்தாழ 77 டிகிரி 38 நிமிடத்தில். ராஜபாளையம் அதற்குச் சற்று மேற்கே. ஆங்கிலத்தில் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அறிவியல் வீரநாயகனாகவே அவரைக் காட்டுகிறார்கள். நம் பக்கத்தில் கேட்டால், கும்பனிக்காரன் அளந்தது கொள்ளையடிக்கத்தானே என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள் என்பது என் கட்சி.

முதலில் அவருக்குச் சேரவேண்டியதைக் கொடுத்துவிடுவோம். 1802இல் பரங்கிமலைக்கு அருகே அவர் அளந்த அடிக்கோட்டின் நீளம் ஏழரை மைல். நூறடிச் சங்கிலியைத் தரையில் போட்டு இழுக்கவில்லை. முக்காலிகள் மேல் மரத்தொட்டிகளை வரிசையாக வைத்து, அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தி, பக்கத்திலேயே வெப்பமானிகளையும் வைத்தார். வெயில் ஏறினால் எஃகு நீளும். நீண்ட அளவைக் கணக்கில் கழிக்க வேண்டும். நானூறு முறை சங்கிலியை எடுத்துப் போட்டு 57 நாளில் அந்த ஏழரை மைலை முடித்தார்கள். அடிக்கோடு ஒன்று கையில் இருந்தால் போதும். அதன் இரு முனையிலிருந்தும் தூரத்துக் குன்று ஒன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால் அந்தக் குன்றின் தூரம் கணக்கிலேயே வந்துவிடும். அதிலிருந்து அடுத்த குன்று, அதற்கடுத்த குன்று என்று முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதும் பின்னிக்கொண்டு போகலாம். அப்படி முக்கோணங்கள் பெங்களூரை எட்டியதும் அங்கே இன்னொரு அடிக்கோட்டை நேரடியாகச் சங்கிலியால் அளந்து பார்த்தார். சென்னையிலிருந்து கணக்குப் போட்டு வந்த நீளத்துக்கும் அதற்கும் வித்தியாசம் நாலு அங்குலம்கூட இல்லை. சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே பழைய படங்கள் காட்டியதைவிட நிலம் சுமார் நாற்பது மைல் குறைவு என்றும் தெரியவந்தது. நாற்பது மைல் நிலம் காகிதத்திலிருந்து காணாமல் போன வேடிக்கை அது.

கோணம் பார்க்கும் தியோடலைட் கருவியின் எடை அரை டன். லண்டனிலிருந்து அது வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். கருவி என்னவென்று தெரிந்ததும் மரியாதையோடு அனுப்பிவைத்தார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, பெட்டி சுவரில் மோதி, வட்டத்தகடு வளைந்துபோனது. லாம்டன் சுமார் ஆறு வாரம் கூடாரத்துக்குள் உட்கார்ந்து அதைத் தம் கையாலேயே நிமிர்த்தினார். இத்தனைக்கும் அந்தக் கோயிலைக் கட்டிய ராஜராஜன் 1001 வாக்கில் சோழநாட்டு நிலத்தை அளக்க உத்தரவிட்டவன். அளந்த கோலுக்கு உலகளந்த கோல் என்றே பெயர். உடனே, பார்த்தீர்களா, வெள்ளைக்காரனுக்கு எண்ணூறு வருஷம் முன்பே நாம் அளந்துவிட்டோம் என்று கிளம்ப வேண்டாம். ராஜராஜன் அளந்தது வரி கட்டும் வயலை. லாம்டன் அளந்தது பூமியின் வளைவை. இரண்டு வேலையும் வேறு வேறு.

இங்கேதான் எதிர்வாதம் வலுக்கிறது. பூமியின் வளைவை அளக்க வந்த மனிதரைக் கும்பனியின் கணக்கில் ஏன் சேர்க்க வேண்டும்? அவருடைய ஆசை அறிவியல் ஆசைதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. செலவைப் பார்த்து முகம் சுளித்த சென்னை அதிகாரி ஒருவர், ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டுமென்றால் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதுமே, இதற்கு எதற்கு இவ்வளவு பணம் என்ற பொருளில் கேலி செய்ததாகச் சொல்வார்கள். வரி போட அவருடைய முக்கோணங்கள் நேரடியாக உதவவும் இல்லை. கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்று நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் வைத்திருந்த கணக்கே வரி வசூலுக்குப் போதுமானதாக இருந்தது. ஆகவே கொள்ளைக்காரன் என்ற பட்டம் அவருக்குப் பொருந்தாது.

ஆனால் அவர் எந்தத் தரையில் நின்று அளந்தார் என்று கேட்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் அவர் பாளையங்கோட்டை அடிக்கோட்டை அளந்தது 1809இல். அதற்குப் பத்து வருஷம் முன்பு கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். எட்டு வருஷம் முன்பு பாஞ்சாலங்குறிச்சி தரைமட்டமானது. பாளையக்காரர்கள் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவு வந்தது. ராஜபாளையத்தைச் சுற்றிச் சேத்தூர், கொல்லங்கொண்டான், சிவகிரி என்று வரிசையாகப் பாளையங்கள்தாம். 1790களில் இந்தக் குன்றுகளில் அந்நியன் ஒருவன் கொடி நட்டுக் குழல் வைத்துப் பார்த்திருந்தால் கீழேயிருந்து துப்பாக்கிதான் பேசியிருக்கும். 1809இல் பேசவில்லை. அதே வருஷம் மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில் வேலுத்தம்பி தளவாய் கும்பனியை எதிர்த்து உயிரை விட்டார். லாம்டனே 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை வீழ்த்திய படையில் இருந்தவர். மைசூர் கைக்கு வந்த பிறகுதான் கடற்கரையிலிருந்து கடற்கரை வரை அளக்கலாம் என்ற யோசனையை அவரால் மேலிடத்தில் வைக்க முடிந்தது. அவருடைய சங்கிலி பீரங்கிக்குப் பின்னால் நடந்தது. அதை அவர் செய்த குற்றம் என்று சொல்ல மாட்டேன். அதைச் சொல்லாமல் விடுகிற வீரக்கதைகளின் குற்றம் அது.

அந்தக் கதைகள் இன்னொன்றையும் விழுங்குகின்றன. அரை டன் கருவியைக் குன்று குன்றாக ஒற்றை ஆள் ஏற்ற முடியுமா? காடு வெட்டியவர்கள், தூரத்து உச்சியில் நாள் கணக்கில் கொடி பிடித்து நின்றவர்கள், சங்கிலி சுமந்தவர்கள் எல்லாரும் உள்ளூர்க்காரர்கள். 1819இல் கிருஷ்ணா, கோதாவரிக் காடுகளில் லாம்டனின் உதவியாளர் ஜார்ஜ் எவரெஸ்ட் நடத்திச் சென்ற சுமார் 150 பேர் கொண்ட குழு முழுவதும் காய்ச்சலில் விழுந்தது. பதினைந்து பேர் வரை மாண்டார்கள். எவரெஸ்ட் உடம்பு தேற்றிக்கொள்ள நன்னம்பிக்கை முனைக்குப் போனார். மாண்டவர்கள் எண்ணிக்கையாக நின்றுவிட்டார்கள். பின்னாளில் அளவைத் துறையின் கருவிகளைப் பழுதுபார்த்துக் கொடுத்தவர் ஆற்காட்டுக்காரர் சையத் மொஹ்சின் உசேன். அவர் திறமையை எவரெஸ்டே மெச்சினார். உலகின் உயர்ந்த சிகரம் எது என்று 1852 வாக்கில் கணக்கில் கண்டவர் வங்காளி ராதாநாத் சிக்தர். சிகரத்துக்கு 1865இல் வைத்தது எவரெஸ்டின் பெயர். அந்தப் பெயர் இந்நாட்டு மக்கள் வாயில் நுழையாதே என்று எவரெஸ்டே தயங்கினார் என்பது தனிக் கதை.

எந்த வெள்ளைக்காரரையும் நாம் கொண்டாடுவதில்லையா என்றால், கொண்டாடுகிறோம். முல்லைப் பெரியாற்று அணையைக் கட்டிய பென்னிகுயிக்குக்குத் தேனிப் பக்கம் பொங்கல் வைக்கிறார்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வயலுக்கு வந்தது, வயல்காரன் கும்பிட்டான். அவருக்கு வீரநாயகர் பட்டத்தைக் கொடுத்தது தண்ணீர் குடித்த ஊர். லாம்டனுக்குப் பட்டம் கொடுத்தது அவர் சார்ந்த சாம்ராஜ்யத்தின் பெருமிதம். தனக்கென்று ஒரு சிகரத்தின் பெயரைக்கூட வாங்காமல், எழுபது வயதை ஒட்டி 1823 ஜனவரியில் மகாராஷ்டிரத்து ஹிங்கன்காட்டில், வேலைக்கு நடுவிலேயே செத்துப்போன அந்த மனிதரைத் தேர்ந்த அளவர் என்று மதிப்பேன். வீரநாயகர் என்று சொல்ல மாட்டேன். 2004இல் இந்த மாபெரும் அளவைப் பணிக்காக இந்திய அஞ்சல்துறை தபால்தலைகள் வெளியிட்டபோது, அவற்றில் இடம்பெற்ற முகங்கள் ராதாநாத் சிக்தரும் திபெத்தை நடந்தே அளந்த நைன் சிங்கும்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிகளில் தீர்க்கரேகைப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரும்பலகையில் 77 டிகிரி 38 நிமிடம் என்று எழுதி, இது நம் ஊர் என்று காட்டுங்கள். லாம்டன் பெயரையும் எழுதுங்கள்; பக்கத்திலேயே மொஹ்சின் உசேன், சிக்தர் பெயர்களையும் எழுதுங்கள்.