பெயர் மீளும் கப்பல்கள்

பாட்டன் பெயரைத் தாங்குபவன் ஆதலின் 'பெயரன்' எனப்பட்டான். அச்சொல்லே மருவிப் 'பேரன்' ஆயிற்று. இவ்வழக்கம் கடற்படைகளிலும் உண்டு. பழைய கப்பல் உடைக்கப்பட்ட பின்னும் அதன் பெயர் புதிய கப்பலில் ஏறிவிடும். 1997இல் ஓய்வுபெற்ற இந்திய விமானந்தாங்கிக் கப்பலாகிய 'விக்ராந்த்', 2022இல் கொச்சியில் கட்டப்பெற்ற புதுக்கப்பலின் பெயராக மீண்டமை யாவரும் அறிந்ததே.

நம் மலேசியக் கடற்படை 1963ஆம் ஆண்டையொட்டிப் பெற்ற முதல் ஆறு காவற்படகுகளுக்குக் கெடா, சிலாங்கூர், பேராக், பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மாநிலப் பெயர்கள் 'ஸ்ரீ' என்னும் அடைமொழியுடன் இடப்பட்டன. 2006 முதல் 2010 வரை பணியேற்ற ஆறு சுற்றுக்காவற் கப்பல்கள் 'ஸ்ரீ' நீங்கி அதே ஆறு பெயர்களைப் பெற்றன. கெடாவை நம் சோழர் கல்வெட்டுகள் கடாரம் என்றன. அம்மண்ணின் பெயர் இன்று போர்க்கப்பலின் பெயர்! பின்னர் வந்த படகொன்றின் பெயராகிய 'ஸ்ரீ ஜொகூர்' அந்த மீட்சியில் இடம்பெறவில்லை. ஆயினும் 1997இல் பணியேற்ற ஒரு கப்பல் ஜொகூர்க் கடற்றலைவர் துன் அப்துல் ஜமீலின் பெயரைத் தாங்கியது. 1673இல் ஜாம்பிப் படை ஜொகூர்த் தலைநகரை அழித்தபின் ரியாவிலிருந்து அரசை மீண்டும் எழுப்பியவர் அவர். 1688இல் அவ்வரசவையின் பகைக்கே இரையானவரும் அவரே.

பெயர் மாற்றத்தால் கப்பலின் பழங்கதை மறைந்துவிடுவதும் உண்டு. 'ஹங் துவா' என்னும் பெயர் முதலில் 1964இல் பிரிட்டனிடமிருந்து பெற்ற 'லாக் இன்ஷ்' என்ற பழைய கப்பலுக்கு இடப்பட்டது. 1977இல் அது கழிக்கப்பட, அதே ஆண்டில் வாங்கிய 'மெர்மெய்ட்' அப்பெயரை ஏற்றது. கானா நாட்டுக்கெனக் கட்டத் தொடங்கி, அங்கே ஆட்சி கவிழ்ந்ததால் பிரிட்டனிடமே தங்கிவிட்ட கப்பல் அது. 1976இல் கண்ணிவாரிக் கப்பலொன்றோடு மோதியபோது அக்கப்பலில் பன்னிருவர் மாண்டனர். இத்தகைய கப்பலுக்கு வாய்த்த புதுப்பெயரில் உள்ள 'துவா' என்னும் மலாய்ச் சொல்லின் பொருள் நற்பேறு என்பது நினைக்கத்தக்கது.

ஹங் துவாவின் உயிர்த்தோழன் ஹங் ஜெபாட்டின் பெயர் கடந்து வந்த வழி வேறு. 1967இல் ஸ்காட்லாந்தில் நீரில் இறக்கப்பட்ட புதிய கப்பலுக்கு முதலில் அவன் பெயரே குறிக்கப்பட்டது. 1971இல் பணியேற்றபோதோ அது 'ரஹ்மாட்', அதாவது அருள், எனப் பெயர் பெற்றிருந்தது. 'ஹிக்காயாட் ஹங் துவா' காட்டும் ஜெபாட், பழிச்சொல்லால் நண்பனுக்குக் கொலைத்தண்டம் விதித்த சுல்தானுக்கு எதிராகக் கிளர்ந்து, உயிருடன் ஒளித்து வைக்கப்பட்டிருந்த அந்நண்பன் கையாலேயே மாண்டவன். அரசனுக்குரிய கப்பலில் கிளர்ச்சியாளன் பெயரா?

அவ்வாறு தயங்குவோர் 'செஜாரா மெலாயு'வையும் நோக்குதல் வேண்டும். 1612இல் ஜொகூர் அரசவையில் துன் ஸ்ரீ லானாங் செப்பம் செய்ததாகக் கூறப்பெறும் அந்நூலில், பிழை செய்து துவாவின் கையால் இறப்பவன் ஹங் கஸ்தூரியே. அவன் பெயரோ 1984இல் தடையின்றி ஒரு கப்பலுக்கு இடப்பட்டது! ஜெபாட் புனுகையும், கஸ்தூரி நாம் அறிந்த நறுமணப் பொருளையும் குறிக்கும் சொற்கள். ஒரே குற்றம் இரு நூல்களில் இரு மணங்களின்மேல் ஏறியது போலும்.

இடைக்காலத்தில் மக்கள் மனமும் மாறியது. ஜொகூரின் கோத்தா திங்கி மண்ணில் பிறந்த உஸ்மான் அவாங், 1960களின் தொடக்கத்தில் 'மத்தின்யா சியோராங் பஹ்லாவான்' என்ற நாடகத்தில் ஜெபாட்டை வீரனாகவே நிறுத்தினார். 'ஒரு வீரனின் மரணம்' என்பது அத்தலைப்பின் பொருள். நீதிக்காக எழுந்தவன் துரோகியல்லன் என்னும் கருத்து எழுத்துலகில் வேரூன்றியது. இவ்விளைவு கப்பலுக்குப் பெயரிட்டோர் செவியை எட்டியது என்று நிறுவ இயலாது. ஆனால் கால வரிசை கருதத்தக்கது.

1999இல் இரு புதிய போர்க்கப்பல்கள் பணியேற்றன. வகுப்பின் பெயர் லெகியூ. எனினும் 'லெகியூ' பெற்ற எண் 30; அதற்கு முந்தைய 29 என்னும் எண் 'ஜெபாட்' கப்பலுக்கு உரியதாயிற்று.