வளர்ப்பிலிருந்து வளர்ச்சிக்கு: பல்கலைக்கழகக் குழந்தையாய்வும் கோர்படியின் பன்மொழிக் குழந்தையும்

'குழந்தை வளர்ப்பு', 'குழந்தை வளர்ச்சி' ஆகிய இரு தொடர்களும் ஒரே வினையடியிலிருந்து பிறந்தவை. முன்னதில் வினை பெற்றோருடையது, பின்னதில் குழந்தையுடையது. 'வளர்' என்னும் அடி 'வளர்ந்தது' எனத் தன்வினையாகவும் 'வளர்த்தது' எனப் பிறவினையாகவும் நிற்பதால் தமிழ் இவ்வேறுபாட்டை எளிதில் காட்டிவிடுகிறது. ஆனால் மற்றோர் இடத்தில் தமிழ் தடுமாறுகிறது. உயரமும் எடையும் கூடுவதையும், பேச்சும் அறிவும் விரிவதையும் 'வளர்ச்சி' என்னும் ஒரே சொல்லே குறிக்கிறது. மராத்தியில் முன்னதற்கு 'வாட்', பின்னதற்கு 'விகாஸ்' என இரு சொற்கள் வழங்குகின்றன. 1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 திட்டப் பகுதிகளில் தொடங்கப்பட்ட நடுவணரசுத் திட்டம் மராத்தியில் 'பாலவிகாஸ்' என்றும் தமிழில் 'குழந்தை வளர்ச்சி' என்றும் பெயர் பெற்றது. எடை பார்க்கும் பதிவேட்டுக்கும் பேச்சைக் கவனிக்கும் பதிவேட்டுக்கும் தமிழில் ஒரே தலைப்பு அமைந்தது இவ்வாறே.

அத்திட்டத்தின் மையங்களுக்கு வழங்கும் 'அங்கன்வாடி' என்னும் பெயரும் மராத்தி வழி வந்ததே. தாராபாய் மோடக் கொங்கணக் கடற்கரைப் பகுதியின் போர்டியிலும் பின்னர் கோஸ்பாடிலும் நடத்திய முன்பருவக் கல்வி முயற்சிகளில் இச்சொல் வேர்கொண்டது. மராத்தியில் அதன் முற்பகுதிக்கு வீட்டு முற்றம் என்பது பொருள். தமிழ் இலக்கியங்களில் 'அங்கணம்' முற்றத்தையும் சாக்கடையையும் குறித்து வழங்கியிருக்க, புதிய சொல்லைப் பேசுவோர் எவரும் பழைய சொல்லோடு அதனை இணைத்துப் பார்ப்பதில்லை.

பல்கலைக்கழகப் பாடமாகக் குழந்தையைக் கொள்ளும் முயற்சிக்குப் புணேயில் நீண்ட வரலாறு உண்டு. ஜப்பானியப் பெண்கள் பல்கலைக்கழகம் பற்றிய சிறு நூலொன்றைப் படித்துத் தூண்டுதல் பெற்ற தோண்டோ கேசவ் கர்வே, 1916இல் புணேயில் பெண்களுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் தொடங்கினார். அங்கே பயிற்றுமொழி தாய்மொழி. ஆங்கிலம் ஒரு பாடம் மட்டுமே. மனையியல், உடல்நலம் ஆகியவற்றோடு உளவியலும் அங்குப் பெண்கல்விக்கு உரியதாகக் கருதப்பட்டது. விட்டல்தாஸ் தாக்கர்சி 1920இல் வழங்கிய 15 இலட்சம் ரூபாய்க் கொடையை ஒட்டி அவருடைய அன்னையின் பெயரை ஏற்ற அப்பல்கலைக்கழகம், 1936இல் தலைமையிடத்தை மும்பைக்கு மாற்றிக்கொண்டது. அமெரிக்காவின் அயோவாவில் குழந்தைநல ஆய்வுநிலையம் 1917இல் தோன்றியது; புணே முயற்சி அதற்கு ஓராண்டு முந்தியது. இரண்டையும் நிகரெனக் கொள்வது பொருந்தாது. அயோவாவின் நோக்கம் ஆய்வு, கர்வேயின் நோக்கம் நல்ல தாயையும் தன்காலில் நிற்கும் பெண்ணையும் உருவாக்குவது. சுருங்கச் சொன்னால், அது வளர்ப்பைச் சார்ந்த கல்வி. எனினும் இத்தகைய பாடங்களை இந்திய மொழியொன்றில் கல்லூரி நிலையில் கற்பித்தவர்களுக்குக் கலைச்சொல் தேவை அன்றே எழுந்தது என்பதை மொழிபெயர்ப்பாளர் மறத்தலாகாது.

பின்னர் வந்த மனையியல் கல்லூரிகள் இப்பாதையிலேயே சென்றன. தில்லி லேடி இர்வின் கல்லூரி 1932இலும், பரோடாவில் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் மனையியல் புலம் 1950இலும், கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1957இலும் தோன்றின. இவற்றுள் அளவிடும் ஆய்வில் முன்னின்றது பரோடா. ஒன்று முதல் முப்பது மாதம் வரையிலான குழந்தைகளின் உடலியக்க, உள வளர்ச்சியைத் தொடர்ந்து கவனித்த பிரமிளா பாட்டக், நான்சி பெய்லியின் அமெரிக்க அளவுகோலை அடிப்படையாகக் கொண்டு இந்தியக் குழந்தைகளுக்கான அளவுகோலை வகுத்தார். உடலியக்கத்துக்கு 67 கூறுகளும் உள வளர்ச்சிக்கு 163 கூறுகளும் கொண்ட அதன் திருத்திய கையேடு 1997இல் புணேயில் வெளியாயிற்று. மருத்துவமனைகளில் அதுவே பெரிதும் வழங்குகிறது.

பிள்ளைத்தமிழின் செங்கீரை, சப்பாணி, வருகைப் பருவங்களை இத்தகைய அளவுகோல்களின் முன்னோடியாகக் காட்டுவாரும் உளர். தலை நிமிர்த்தல், கைகொட்டல், தளர்நடை என்னும் வரிசை உண்மையில் நுண்ணிய கவனிப்பின் பயனே. ஆயின் மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரை ஒற்றைப்படைத் திங்கள்களைப் பாட்டியல் நூல்கள் வகுத்தது பாடுதற்குரிய காலம் பற்றியே. எந்தக் குழந்தை பின்தங்கியது என்று அறிவதற்கன்று.

மனையியல் குழந்தையை அளந்துகொண்டிருந்த காலத்தில், மொழியியல் குழந்தையோடு பேசும் மொழியைக் கேட்கத் தொடங்கியது. 1939இல் முதுநிலை ஆய்வு நிறுவனமாக மறுவாழ்வு பெற்ற தெக்காணக் கல்லூரி, எஸ்.எம். கத்ரேயின் தலைமையில் 1954 முதல் நடத்திய மொழியியல் பயிற்சிப் பள்ளிகளால் ஒரு தலைமுறை இந்திய மொழியியலாளரை உருவாக்கியது. அக்கல்லூரியைச் சேர்ந்த அசோக் ரா. கேள்கர் மராத்தி மழலை வழக்கு குறித்து 1964இல் எழுதிய கட்டுரை அமெரிக்காவின் 'வேர்டு' இதழில் வெளிவந்தது. அதே ஆண்டில் சார்லஸ் ஃபெர்குசன் ஆறு மொழிகளின் மழலை வழக்கை ஒப்பிட்டார். அவற்றுள் மராத்தியும் ஒன்று. இங்கு மழலை வழக்கு எனப்படுவது குழந்தை தானே பேசுவதன்று; பெரியோர் குழந்தைக்கெனப் பேசுவது. மராத்தியர் வீடுகளில் 'சிமணீ' என்னும் சிட்டுக்குருவி 'சிஊ' ஆகிறது. 'காவளா' என்னும் காகம் 'காஊ' ஆகிறது. 'மாஞ்சர்' என்னும் பூனை 'மாஊ' ஆகிறது. மெய்கள் உதிர்ந்து உயிர்த்தொடர் எஞ்சும் ஒழுங்கு இதில் தெளிவு. தமிழ் வீடுகளின் 'மம்மு', 'பாச்சி', 'தாச்சி' போன்றவற்றில் இரட்டித்த மெய்யே மேலோங்குகிறது. இரண்டும் எளிமையாக்கலே, எதை எளிதெனக் கொள்வது என்பதை மொழிதோறும் மரபு முடிவு செய்கிறது.

தமிழ்க் குழந்தையின் பேச்சு பற்றிய முதன்மையான தரவுத் தொகுப்பொன்று மொழியியல் துறையிலிருந்தோ மனையியல் துறையிலிருந்தோ வரவில்லை என்பது வியப்புக்குரியது. இந்தியாவின் தொடக்ககாலக் கணிப்பொறியான டிஃப்ராக்கின் ஆக்கத்தில் முன்னின்றவரும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவருமான ஆர். நரசிம்மன், மொழியை ஒரு நடத்தையாக மாதிரியாக்க முனைந்தார். குழந்தை மொழியைக் கற்கும் முறையே அதற்குத் திறவுகோல் என்பது அவர் கருத்து. ஒன்பது மாதம் முதல் முப்பத்துமூன்று மாதம் வரை ஒரு பெண்குழந்தைக்கும் அதனை வளர்ப்போருக்கும் இடையே நிகழ்ந்த தமிழ் உரையாடல்கள் ஆர். வைத்தியநாதனுடன் சேர்ந்து தொகுக்கப்பெற்றன. அத்தொகுப்பு பின்னர் உலகக் குழந்தைமொழித் தரவகத்தில் இடம்பெற்றது. வைத்தியநாதன் வினாவின் வளர்ச்சி பற்றி 1988இலும் எதிர்மறையின் வளர்ச்சி பற்றி 1991இலும் குழந்தைமொழிக்கான பன்னாட்டு ஆய்விதழில் எழுதினார்.

எதிர்மறை இங்குச் சற்று விரித்துக் காணத்தக்கது. ஆங்கிலம் பேசும் குழந்தைகளை ஆராய்ந்த லாயிஸ் புளூம் 1970இல் இன்மை, ஏலாமை, மறுத்துரை என எதிர்மறைப் பொருளை மூன்றாகப் பகுத்தார். பந்து அங்கே இல்லாதது இன்மை. பாலை வேண்டாமெனத் தள்ளுவது ஏலாமை. 'இது பூனை' என்றால் 'அன்று' என்பது மறுத்துரை. ஆங்கிலக் குழந்தையின் தொடக்கநிலைப் பேச்சில் மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே சொல் நிற்பதால், எது எப்போது தோன்றியது என்பதைச் சூழலை வைத்தே உய்த்துணர வேண்டியிருந்தது. பேச்சுத் தமிழில் 'இல்ல' இன்மைக்கும் மறுத்துரைக்கும் உரியது. 'வேண்டாம்' ஏலாமைக்கு உரியது. 'போகாதே' என்னும் விலக்கு வினைவடிவிலேயே அமைந்தது. ஆய்வாளர் ஊகிக்க வேண்டியவற்றுள் ஒரு பகுதியைத் தமிழ்க் குழந்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. தரவு தேடுவோர்க்குத் தமிழ் வழங்கும் கொடை இது.

இனிக் கோர்படி. புணே கன்டோன்மென்ட்டை ஒட்டி, முளா-முட்டா ஆற்றின் தென்கரைப் பக்கம் அமைந்த இவ்வூரின் பெயர், மராத்தியில் உடும்பைக் குறிக்கும் 'கோர்பட்' என்னும் சொல்லோடு ஒலியால் ஒத்தது. ஆங்கிலேயர் அதனைக் 'கோர்புரி' ஆக்கினர். இருப்புப்பாதை நிலையத்தின் பெயர் அவ்வடிவிலேயே நிலைத்தது. 1871இல் இராய்ச்சூரில் மும்பை, சென்னை இருப்புப்பாதைகள் இணைந்தபின் இப்பகுதி தெற்கிலிருந்து வருவோர்க்கு வழிமேல் அமைந்த ஊராயிற்று. படையையும் இருப்புப்பாதையையும் சார்ந்து தமிழ்க் குடும்பங்கள் கன்டோன்மென்ட்டுப் பகுதிகளில் நெடுநாளாக வாழ்கின்றன. மழலை வழக்கை ஆராய்ந்த தெக்காணக் கல்லூரி ஆற்றின் மறுகரையில் எரவடாவில் இருக்கிறது.

இத்தகைய ஊரில் பிறக்கும் தமிழ்க் குழந்தைக்கு வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, கடையில் இந்தி, பள்ளியில் பெரும்பாலும் ஆங்கிலம். அதன் எதிர்மறைச் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே சிக்கல் விளங்கும். மராத்தியின் 'நகோ' பெரிதும் தமிழின் 'வேண்டாம்' நிற்கும் இடத்தில் நிற்கிறது. 'நாஹீ' 'இல்லை'யின் இடத்தில் நிற்கிறது. இப்பொருத்தம் தற்செயலானதன்று. வடிவம் இந்தோ-ஆரியமாயினும் பாகுபாடு திராவிட மொழிகளோடு ஒத்திருப்பது இருமொழிக் குடும்பங்களின் நெடிய உறவால் விளைந்ததென மொழியியலாளர் கருதுவர். தக்கணி உருதுவின் 'நக்கோ'வும் இவ்வகையினதே. ஆகவே தமிழிலிருந்து மராத்திக்குச் செல்லும் குழந்தை புதிய ஒலிகளை மட்டும் கற்றால் போதும். பொருட்பாகுபாட்டை மாற்றிக்கொள்ள வேண்டுவதில்லை. இந்தியில் 'நஹீ' இரண்டிடத்தும் பரவுவதால் இவ்வசதி குறைகிறது.

அளவுகோல் இக்குழந்தையின்முன் வைக்கப்படும்போது மொழிபெயர்ப்பே முடிவைத் தீர்மானிக்கிறது. 'இரு சொல் சேர்த்துப் பேசுகிறது' என்பது போன்ற கூறு ஆங்கிலத்தில் தெளிவானது. தமிழ்க் குழந்தையின் 'சாப்ட்டேன்' ஒரு சொல். அதனுள் வினையடியும் காலமும் இடமும் அடங்கியுள்ளன. ரோஜர் பிரௌன் 1973இல் பரப்பியதுபோல் உருபன்களை எண்ணினால் அது மூன்று. ஆனால் அக்குழந்தை 'சாப்ட்டான்', 'சாப்பிடுவேன்' என்னும் வேற்றுவடிவங்களையும் ஆளும் வரை அதனைப் பகுபதமெனக் கொள்ளச் சான்றில்லை. சொல்லை எண்ணினால் குழந்தைக்கு இழப்பு. உருபனை எண்ணினால் மிகை. கூற்றை ஒன்றுக்கொன்று பெயர்த்து வைக்கும் மொழிபெயர்ப்பு, எவ்வளவு செம்மையாக இருப்பினும், இங்குப் பிழையான அளவையே தரும்.

இதனால் விளையும் கேடு ஏட்டளவில் நிற்பதன்று. ஒரே மொழியில் மட்டும் வினவப்பட்ட பன்மொழிக் குழந்தையின் சொல்வளம் குறைவாகத் தோன்றும். 'பேச்சுத் தாமதம்' என்னும் குறிப்பு எழுந்தால், வீட்டில் ஒரே மொழி பேசுக என்னும் அறிவுரை பெற்றோர்க்குக் கிடைப்பதுண்டு. அவ்வாறு கைவிடப்படுவது பெரும்பாலும் பாட்டியின் மொழியே. இருமொழிக் குழந்தைகளைப் பற்றிய பிற்கால ஆய்வுகள் அவ்வறிவுரைக்கு ஆதரவு தரவில்லை. எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ணவேண்டும் என்பதே அவற்றின் நிலைப்பாடு.

சேர்த்து எண்ணுவதிலும் ஒரு முடிவு தேவைப்படுகிறது. பக்கத்து வீட்டாரிடம் 'நகோ' என்றும் பாட்டியிடம் 'வேண்டாம்' என்றும் சொல்லும் குழந்தைக்கு வடிவத்தால் இரண்டு சொற்கள், பொருளால் ஒன்று. முன்னது நாவின் பயிற்சியையும், ஆளறிந்து மொழி தேரும் திறனையும் காட்டும். பின்னது கருத்தின் விரிவைக் காட்டும். எனவே பதிவேட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்திகளும், ஒவ்வொரு சொல்லும் எவரிடம் சொல்லப்பட்டது என்பதைக் குறிக்க மூன்றாவது பத்தியும் வேண்டும்.