'சமர்ப்பி' பட்டன் எங்கே போச்சு?

கைத்தொலைபேசியில் விண்ணப்பப் படிவம் நிரப்புகிறீர்கள். கடைசிக் கட்டத்தில் எண்ணைத் தட்டியாச்சு. ஆனால் 'சமர்ப்பி' பட்டனைக் காணோம்! விசைப்பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.

கோளாறு உங்கள் விரலில் இல்லை.

ஏன் இப்படி?

பக்கத்தை எவ்வளவு தள்ளினாலும் சில பட்டன்கள் நகராது. திரையின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சரி, எந்தத் திரை? அங்கேதான் சிக்கல்.

பிரவுசருக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று, பக்கத்தை அடுக்குவதற்கு அது கணக்கில் வைத்திருப்பது. மற்றொன்று, இப்போது உங்கள் கண்ணுக்குத் தெரியும் பகுதி. விசைப்பலகை எழும்போது இரண்டாவது சுருங்கிவிடும். ஐபோனின் சஃபாரியில் முதல் சட்டம் அப்படியே இருக்கும். பட்டன் ஒட்டியிருப்பதோ அந்த முதல் சட்டத்தின் அடியில். விசைப்பலகை அதன்மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆண்ட்ராய்டு குரோம் முன்பு முதல் சட்டத்தையும் சேர்த்துச் சுருக்கியது; பட்டனும் மேலே ஏறி வந்தது. 2022இல் வந்த 108ஆம் பதிப்பிலிருந்து அதுவும் சஃபாரியின் வழிக்கு மாறிவிட்டது. குரோமில் பழைய முறை வேண்டுமென்றால், இணையத்தளம் தன் குறியீட்டில் அதைக் கேட்க வேண்டும். கேட்காத தளத்தில் திண்டாடுவது நீங்கள்தான்.

முகவரிப் பட்டையும் சும்மா இருப்பதில்லை. பக்கத்தைத் தள்ளும்போது சுருங்கும், பிறகு விரியும். பட்டை சுருங்கிய உயரத்தை வைத்து வடிவமைத்த முழுத்திரைப் பெட்டிக்கு, பட்டை விரிந்ததும் அடிப்பகுதி மறைந்துபோகும். மாறும் உயரத்துக்கு ஈடுகொடுக்கும் புதிய அளவுகள் 2022இல் சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ், குரோம் மூன்றிலும் வந்துவிட்டன. இனியும் சாக்குச் சொல்ல முடியாது.

(2011இல் ஐஓஎஸ் 5 வரும்வரை ஐபோன் சஃபாரியில் பட்டனை இப்படி ஒட்டிவைக்கவே வழியில்லை. அதற்கு இது பரவாயில்லை!)

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில் விசைப்பலகையை மூடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். இல்லையென்றால் பக்கத்தைக் கொஞ்சம் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். கைத்தொலைபேசியைப் படுக்கவைத்து மறுபடி நிமிர்த்தினால், பிரவுசர் அளவுகளைப் புதிதாகக் கணக்கிடும்.

அவசரப்பட்டு 'ரிஃப்ரெஷ்' மட்டும் செய்யாதீர்கள். நிரப்பியதெல்லாம் போய்விடலாம். பணம் கட்டும் பக்கம் என்றால் இன்னும் கவனம்.

எதுவும் சரிவரவில்லையா? வேறொரு பிரவுசரிலோ கணினியிலோ முயன்று பாருங்கள். இணையத்தளத்துக்கும் தெரியப்படுத்துங்கள். "பட்டன் வேலை செய்யலை" என்று மட்டும் எழுதினால் அவர்களால் கண்டுபிடிக்க முடியாது. திரைப்படத்தோடு கைத்தொலைபேசி மாடல், பிரவுசர் பதிப்பு, விசைப்பலகை திறந்திருந்ததா என்ற விவரத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.