அரக்கில் உறையும் குரல்

வாசுதேவநல்லூரில் நமக்கு வேண்டிய குடும்பத்தார் தம் பழைய இல்லத்தைப் பழுதுபார்க்கத் தொடங்கியபோது, பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கிற்று. உள்ளே பாட்டனார் காலத்து இசைத்தட்டுகள். பேரப்பிள்ளை ஆர்வமிகுதியால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒன்றைத் துடைத்தார். பஞ்சு கறுத்தது, அழுக்கு நீங்கிற்று என்று மகிழ்ந்தார். ஆனால் தட்டின் பளபளப்பும் உடன் மறைந்தது. நீங்கியது அழுக்கு மட்டுமன்று, தட்டின் மேனியுமாகும்.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. எமில் பெர்லினர் 1887-இல் கிராமபோனுக்குக் காப்புரிமை கோரினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் இசைத்தட்டின் மூலப்பொருளாக அரக்கு இடம்பெற்றது. சோட்டா நாகபுரிப் பகுதியில் மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசினே அது. அதனோடு கல்தூளும் கரியும் கலந்து தட்டு வார்த்தனர். உலகின் பாட்டுக்கெல்லாம் நம் நாட்டு அரக்கு உடல் தந்தது என்றால் மிகையாகாது. 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியது பதிவாயிற்று; அத்தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாகித் திரும்பி வந்தன. 1908-இல் கல்கத்தாவிலேயே ஆலை எழுந்தது.

வாசுதேவநல்லூருக்குத் தெற்கே செங்கோட்டையில் பிறந்த எஸ்.ஜி.கிட்டப்பா 1933-இல், தம் 27ஆம் வயதில் மறைந்தார். அவருடைய குரல் இன்றும் கேட்கிறதென்றால் அது அரக்கு செய்த உபகாரமே.

அமெரிக்காவில் 1948-இல் வினைல் நெடுந்தட்டு வந்தது. எனினும் இந்தியாவில் 1960-களிலும் அரக்குத் தட்டுகள் அச்சாயின. மணவீடுகளிலும் பெருநாட்களிலும் நாகூர் ஈ.எம்.ஹனீபா (1925–2015) அவர்களின் கணீரென்ற குரலைக் கேட்டு மகிழ்ந்த நம் இல்லங்களில், இருவகைத் தட்டுகளும் ஒரே பெட்டியில் கலந்து கிடப்பதில் வியப்பில்லை.

அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். மரச்சாமானுக்கு மெருகிடும் தச்சர் அவ்வாறு கரைத்தே பூசுகிறார். ஆகவே கழுவுமுன் தட்டு இன்னதென அறிதல் வேண்டும். நிமிடத்திற்கு 78 சுற்று என்றிருந்து, கனத்து, வளையாது நொறுங்கும் தன்மையுடையது பெரும்பாலும் அரக்கு. 33⅓ அல்லது 45 என்றிருந்து, சற்றே வளைந்து கொடுப்பது வினைல். ஐயமிருப்பின் ஸ்பிரிட்டை அறவே விலக்குக.

1969-இல் இங்கிலாந்தில் கீத் மாங்க்ஸ் என்பவரின் இயந்திரம் தட்டைக் கழுவி, அழுக்கு நீரை உறிஞ்சி எடுத்தது. அப்பொறிக்கு நாம் எங்கே போவது? அதன் தத்துவம் போதும்: அழுக்கைக் கரைத்து, கரைந்ததை வரிப்பள்ளத்தில் தங்கவிடாது அகற்றுதல்.

முதலில் மென்மயிர்த் தூரிகையால், பள்ளம் ஓடும் வழியே வட்டமாகத் தூசியைத் தட்டுக. நடுவிலுள்ள காகிதம் நனையலாகாது. வினைல் தட்டாயின், ஒரு குவளை நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு துளி சேர்த்து, மென்துணியால் துடைக்கலாம். கிணற்று நீரின் உப்பு பள்ளத்தில் படியுமாதலால், மின்கலத்திற்கு ஊற்றும் வாலை வடிநீரால் இறுதியாக அலசுக. அரக்குத் தட்டை ஊறவைத்தல் கூடாது. அதே நீரில் பிழிந்த துணியால் ஒற்றி, உடனே உலர்த்துக. விரிசலுற்றதை நனைக்கவே வேண்டாம். எதையும் வெயிலில் வைத்தால் வளைந்துவிடும். நிழலில் உலர்த்தி, புது உறையிட்டுச் செங்குத்தாக நிறுத்துக.

செலவு மிகச் சொற்பம், வேண்டுவது பொறுமையே. பேரப்பிள்ளையும் எஞ்சிய தட்டுகளை இவ்வாறே துடைத்து வைத்திருக்கிறார். முதல் தட்டு மட்டும் மீளவில்லை. அதில் பாடியவர் யாரென்று காகிதம் சொல்கிறது. குரல்தான் சொல்ல மறுக்கிறது. நம் பரண்களில் உறங்கும் பெட்டிகளுக்கு அக்கதி நேராதிருக்கட்டும்.