கர்லிங்: உறைந்த ஏரியிலிருந்து உள்ளரங்கத்துக்கு

கர்லிங் என்பது பனிக்கட்டித் தளத்தின் மேல் கனத்த கருங்கல்லை வழுக்கவிட்டு, இலக்கு வட்டத்தின் நடுவுக்கு அருகில் நிறுத்தும் குளிர்கால விளையாட்டு ஆகும். அணிக்கு நால்வர், ஒவ்வொருவரும் ஒரு சுற்றில் இரண்டு கற்களை விடுவர். ஒரு கல்லின் எடை ஏறக்குறைய 17 முதல் 20 கிலோ வரை இருக்கும். கல்லுக்கு முன்னே வீரர்கள் துடைப்பத்தால் தளத்தைத் தேய்ப்பார்கள். அந்த உராய்வில் பனி சற்றே இளகுவதால் கல் கூடுதல் தொலைவு, வளைவு குறைந்து செல்லும்.

தோற்றம்

இவ்விளையாட்டின் தாயகம் ஸ்காட்லாந்து. அங்கே ஒரு குளத்தில் 1511 என்று பொறித்த கல் கிடைத்துள்ளது. பெய்சிலி மடத்தில் இருவர் பனியின் மேல் கல் எறிந்து போட்டியிட்டதை 1541-ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்று பதிவு செய்திருக்கிறது. உழவு நின்றுபோகும் உறைபனி நாட்களில், ஊர் ஏரியே ஆடுகளமானது. தனியாகச் செலவு எதுவும் தேவைப்படவில்லை. பார்க்க வந்தவர்கள் கரையில் நின்றார்கள்.

1838-இல் எடின்பரோவில் தொடங்கிய சங்கம் விதிகளை ஒழுங்குபடுத்தியது. 1842-இல் ஸ்கோன் அரண்மனைக்கு வந்த விக்டோரியா அரசிக்கு, கூடத்தின் தரையிலேயே ஆடிக் காட்டினர். மறு ஆண்டில் சங்கத்துக்கு 'ராயல்' என்ற பட்டம் கிடைத்தது. குடியேறிய ஸ்காட்லாந்தியர் இதைக் கனடாவுக்குக் கொண்டுசென்றனர். மொன்றியலில் 1807-லேயே கழகம் உருவாகிவிட்டது.

பெருந்திரள் போட்டி

ஸ்காட்லாந்தின் வடபகுதியும் தென்பகுதியும் மோதும் 'கிராண்ட் மேட்ச்' 1847-இல் தொடங்கியது. பின்னர் இதற்கென்றே கார்ஸ்பிரெக் என்னுமிடத்தில் ஆழம் குறைந்த குளம் அமைக்கப்பட்டது. ஆட்டக்காரர்கள் வந்திறங்க அங்கே தனி ரயில் நிறுத்தமும் இருந்தது. ஆனால் இப்போட்டிக்கு நாள் குறிப்பது மனிதர் கையில் இல்லை. ஆயிரக்கணக்கானோரைத் தாங்கும் அளவுக்குப் பனி தடிக்க வேண்டும். திறந்தவெளியில் இது கடைசியாக நடந்தது 1979-இல், மென்டீத் ஏரியில். 2010-இல் ஏரி உறைந்தபோதும் பாதுகாப்புக் காரணங்களால் நடத்தப்படவில்லை.

உள்ளரங்கமும் திரையும்

செயற்கைப் பனித்தளங்கள் வந்தபின் ஆட்டம் வானிலையை நம்பியிருக்கத் தேவையில்லாமல் போயிற்று. 1924-இல் சாமொனியில் ஆடப்பட்ட கர்லிங், 1998 நாகானோ போட்டி முதல் ஒலிம்பிக்கில் நிலையான இடம் பெற்றது. 2002-இல் பிரித்தானியப் பெண்கள் அணி தங்கம் வென்றதை அந்நாட்டில் பல இலட்சம் பேர் நள்ளிரவு தாண்டியும் தொலைக்காட்சியில் பார்த்தனர். அடுத்த கல்லை எங்கே வைப்பது என்று பார்ப்பவரும் சேர்ந்து கணக்கிடலாம் என்பதால், இதைப் 'பனிமேல் சதுரங்கம்' என்பர்.

ஆட்டம் பிழைத்துக்கொண்டது, ஏரிக்கரைத் திருவிழாவோ அருகிப்போனது. தமிழ்நாட்டு ஏரிகள் உறைவதில்லை. ஆனாலும் ஊர் மக்களின் பொழுதுபோக்கு நீர்நிலையின் நலத்தைச் சார்ந்தது என்பது இங்கும் பொருந்தும். கழிவுநீரால் கெட்டுக்கிடந்த ஆவடி பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு 2019-இல் திறக்கப்பட்ட பிறகே, நடைப்பயிற்சிக்கும் படகு சவாரிக்கும் மக்கள் அங்கே வரத் தொடங்கினர். நீரைத் துப்புரவு செய்து மீட்க முடிந்தது. ஸ்காட்லாந்து ஏரிகள் இழந்துவரும் குளிரை அப்படி மீட்பது எளிதல்ல.